ரோந்துக் காரில் ஓர் ஓட்டை: அடைக்க வேண்டியவர் யார்?

சாலையில் நம்மைக் கடந்து செல்லும் போலீஸ் ரோந்துக் காரைக் கவனித்துப் பாருங்கள். கூரையில் சுழல் விளக்கு, பின்னால் கூடுதல் விளக்குகள், உள்ளே சைரன், ரேடியோ. சில நாடுகளில் கணினியும் கைதிகளைப் பிரிக்கும் கம்பித் தடுப்பும் உண்டு. இவற்றில் பல, கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு வேறு பட்டறைகளில் பொருத்தப்படுபவை.

அப்படிப் பொருத்தும்போது வயர் இழுக்க காரின் உடலில் ஓட்டை போட வேண்டியிருக்கும். அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கப் போலீசார் தங்கள் உடம்பிலேயே அனுபவித்தார்கள்.

2017 ஜூலை 28ஆம் தேதி, டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் போலீஸ், தனது ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ரோந்துக் கார்கள் ஏறக்குறைய 400ஐ ஒரேயடியாகப் பணியிலிருந்து விலக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் 60க்கும் மேற்பட்ட போலீசார் உடல்நலக் குறைவு பற்றிப் புகார் செய்திருந்தனர். காருக்குள் கார்பன் மோனாக்சைடு வாயு புகுந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக் கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், பிறகு மயக்கம். ஒரு ஷிப்ட் முழுவதும் காரிலேயே இருப்பவர் இதை வெறும் களைப்பு என்று நினைத்து விடுவார். வேகமாகச் செல்லும் காரில் அவர் மயங்கினால், சாலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து.

போலீஸ் கார்களில், விளக்கு, ரேடியோ பொருத்துவதற்காகப் பின்னர் போடப்பட்டுச் சரியாக அடைக்கப்படாத ஓட்டைகளே காரணம் என்றது ஃபோர்ட். ஆனாலும் ஓட்டையைப் போட்டது யார் என்று பாராமல், போலீஸ் கார்களைத் தன் செலவில் பழுது பார்ப்பதாக அறிவித்தது. பின்பகுதி இடைவெளிகளை அடைப்பது, எஞ்சின் புகைக்குழாயில் சேதம் உள்ளதா எனச் சோதிப்பது, வேகத்தைக் கூட்டும்போது வெளிக்காற்று அதிகம் உள்ளே வரும்படி ஏர்கோனை மாற்றி அமைப்பது ஆகியவை அந்த வேலைகள்.

ஏர்கோனுக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? உள்காற்றையே சுழலவிடும் நிலையில் ஏர்கோன் ஓடும்போது எக்ஸலேட்டரை முழுமையாக அழுத்தினால், காரின் பின்புறம் வெளியேறும் புகை சந்து பொந்துகள் வழியாக உள்ளே இழுக்கப்பட வாய்ப்பு உண்டு. போலீஸ் காரின் அன்றாட ஓட்டமே அப்படித்தான். குற்றவாளியைத் துரத்துகிறவர் எக்ஸலேட்டரை மெதுவாகவா மிதிப்பார்?

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் தொடங்கிய விசாரணை, 2023 ஜனவரியில்தான் முடிந்தது. கார்களைத் திரும்பப் பெற உத்தரவு எதுவும் இல்லை. மிக அதிக அளவில் வாயு பதிவானது, சிலவற்றைத் தவிர, போலீஸ் கார்களில்தான். பின்புறம் மோதியதால் ஏற்பட்ட சேதமும், சாதனங்களைப் பொருத்திய விதமுமே அவற்றில் இடைவெளி உண்டாகக் காரணம் என்று அந்த நிர்வாகம் கண்டறிந்தது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டியுள்ளது. காரைத் தயாரித்தவர் ஒருவர், ஓட்டை போட்டவர் இன்னொருவர், வாங்கியது காவல் துறை. புகையைச் சுவாசித்ததோ, இந்த மூன்று முடிவுகளிலும் பங்கில்லாத ஒரு சாதாரண போலீஸ்காரர். பொறுப்பு பலருக்குப் பங்கு போடப்படும்போது, கடைசிச் சோதனையை யாரும் செய்யாமல் போய்விடுகிறது.

எனவே, சாவியை வாங்கும் காவல் துறையே அந்தக் கடைசிச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. எங்கெல்லாம் ஓட்டை போடப்பட்டது, எதைக் கொண்டு அடைக்கப்பட்டது என்பதைப் பட்டறை எழுதிக் கொடுக்க வேண்டும். வேகமாக ஓட்டி, வாயு அளவைச் சோதித்த பிறகே கார் ரோந்துக்குப் போக வேண்டும். விபத்துக்குப் பின் பழுது பார்த்த காருக்கும், பழைய சாதனங்களைக் கழற்றிவிட்டு ஏலத்தில் விற்கும் காருக்கும் இதே விதி பொருந்த வேண்டும். ஆஸ்டின் போலீஸ் கார்களில் வைத்தது போன்ற வாயு எச்சரிக்கைக் கருவியின் விலை, ஓர் உயிரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இது போலீசாரின் கதை மட்டும்தானா? நம் இளைஞர்கள் பலர் கார்ப் பட்டறை நடத்துகிறார்கள். கேமரா, ஸ்பீக்கர், கூடுதல் விளக்கு என்று நாமும் காரிலும் வேனிலும் லோரியிலும் எதையாவது பொருத்திக் கொண்டே இருக்கிறோம். அடுத்த முறை பட்டறையில் காரைத் திரும்ப எடுக்கும்போது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். "வயர் போன ஓட்டையை அடைச்சாச்சா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.