சத்தம் போட யாரிடம் கடன் கேட்பது?

போன மாசம் மூன்று கல்லூரி மாணவர்கள் நான் வேலை பார்க்கிற வங்கிக்கே வந்துவிட்டார்கள். நம் இதழை வாசிக்கிறவர்கள்தான். ஒருவன் பறையடிப்பான், ஒருத்தி கானா பாடுவாள், மூன்றாமவனுக்கு ஆசை மட்டும் உண்டு. "அண்ணே, ராக் பேண்ட் ஒன்னு ஆரம்பிக்கணும். லோன் கெடைக்குமா?" நான் சிரித்துவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் உறைத்தது, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த சிரிப்பு.

என் கல்லூரியில் கேட்ட சிரிப்பு. ஆண்டு விழாவுக்காக இசை அறையில் கிடந்த கிடாரை விடுதிப் பையன்கள் நாங்கள் ஒரு வாரத்துக்குக் கேட்டோம். "ஒங்களுக்கு எதுக்குடா இது? பறைதான் இருக்கே, அதை அடிங்க" என்று சிரித்தார் பொறுப்பாசிரியர். பறை எங்களுக்கு அவமானம் இல்லை. எங்கள் கைக்கு எது பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்ததுதான் அவமானம். அன்றைக்கு விட்ட கிடாரை முப்பது தாண்டியும் நான் தொடவில்லை. அந்த மூவருக்கும் நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தத் தலையங்கம்.

ராக் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அதன் வேர் அமெரிக்கக் கறுப்பு மக்களின் பருத்திக்காட்டிலும் தேவாலயத்திலும் இருக்கிறது. 1915இல் ஆர்கன்சாவில் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண், தேவாலயப் பாட்டை மின்கிடாரோடு பாடி 1940களிலேயே இதற்கு வழி வெட்டினார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல், அவர் செத்து 45 வருசம் கழித்து!

அதே 2018, ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 பேர். பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்ற சொல். பறை, சட்டி, கட்ட மோளத்தோடு கிடாரும் டிரம்ஸும், கானாவோடு ராப்பும் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டையே பாட்டாக்கினார்கள். கூட்டம் ஆடியது.

இனி செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, எதையும் வாங்கிக் குவிக்காதீர்கள். பறை இருக்கிறது, டிரம்ஸ் பிறகு வரட்டும். பழைய கிடார் ஒன்று போதும். எடுத்துக்கொண்ட சுருதியின் ச, ம, ப மூன்றிலும் ஒவ்வொரு கார்ட் பிடிக்கப் பழகுங்கள். சபாக்காரர்கள் பூட்டி வைத்த அதே ச, ம, பதான். ப்ளூஸும் ஆரம்பகால ராக்கும் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிவரும். பறையை ஒத்திகைக்கு முன்பும் நடுவிலும் தீயில் காய்ச்சுங்கள், ஆறினால் தோல் தளர்ந்து ஓசை இறங்கிவிடும். சின்ன அறையில் பறை குரலை விழுங்கும். ஆகவே முதல் மைக் குரலுக்கு.

இரண்டாவது, சினிமாப் பாட்டை அடித்துக்கொண்டே காலத்தை ஓட்டாதீர்கள். முதல் மாசமே சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டுங்கள். விடுதிச் சோற்றைப் பற்றியே இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் போடுங்கள். வங்கிக்காரன் புத்தி என்று சிரிக்க வேண்டாம். சக் பெர்ரியின் 'மேபெலீன்' 1955இல் வெளிவந்தபோது, ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளரும் இன்னொருவரும் அதன் இணை ஆசிரியர்களாகப் பதிவில் ஏறினார்கள். பாட்டு முழுதாக அவர் பேருக்குத் திரும்ப 1986 ஆயிற்று. நம் பாட்டிகள் கட்டிய பாட்டு என்ன ஆச்சு? 'நாட்டுப்புறப் பாடல்' என்று அச்சேறியது, தொகுத்தவர் பெயர் மட்டும் அட்டையில். அதனால் யார் எழுதியது, யார் மெட்டு, என்ன தேதி எல்லாம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். காசை ஒருத்தர் பையில் வைக்காமல் கூட்டுக் கணக்கில் போடுங்கள், இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று. கிடார்க்காரனுக்கு ஒரு கூலி, பறைக்காரனுக்கு ஒரு கூலி என்று வந்தால் பேண்டுக்குள்ளேயே ஊரும் சேரியும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது, அந்தப் பெண். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் 19 பேரில் பெண் இசைவாணி ஒருவர்தான். அது அவருக்குப் பெருமை, நமக்கு வெட்கம். கடைசி பஸ்ஸுக்குள் அவள் வீடு சேரும்படி ஒத்திகை வையுங்கள். எந்தப் பாட்டு என்று முடிவெடுக்கும்போது அவள் பேச்சு எடுபட வேண்டும்.

பேண்டுக்கு லோன் கிடைக்காது, பிள்ளைகளே. அடமானம் வைக்க நம்மிடம் என்ன இருக்கு? ஆனால் நம் இதழ் அறை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கிறது, சாவி என்னிடம். பழைய கிடார் ஒன்றும் விலை பேசி வைத்திருக்கிறேன், காசு அச்சுக்கூலியிலிருந்து. அடுத்த இதழ் தாமதமானால் சந்தாதாரர்கள் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். முதல் கார்டை நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன்.