படம் ஓடுகிறது, பேச்சைக் காணோம்

கதாநாயகன் வாயசைக்கிறார். வில்லன் சிரிக்கிறார். ஸ்பீக்கரிலிருந்து மூச்சுகூட வரவில்லை. உடனே ஒயரைப் பிடுங்கிச் சொருகுகிறார்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். சிலர் ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கல்யாண வீடியோவையே அழித்துவிடுகிறார்கள். அதே கம்ப்யூட்டரில் பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது என்றால் ஸ்பீக்கர் நிரபராதி. ஃபைலும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஏ.வி.ஐ., எம்.கே.வி., எம்.பி.4 என்பதெல்லாம் வெறும் பெட்டிகள். உள்ளே படமும் ஒலியும் தனித்தனியாக, வெவ்வேறு முறைகளில் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். சுருக்குவதும் பிரிப்பதும் கோடெக் எனும் சாஃப்ட்வேரின் வேலை. படத்துக்கான கோடெக் இருந்து ஒலிக்கானது இல்லாவிட்டால், பேசும் படம் ஊமைப்படம் ஆகிவிடும். இதில் அடிக்கடி சிக்குபவை டால்பியின் ஏ.சி.3, அடுத்து டி.டி.எஸ்.

இவை இல்லாமல் போவதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, காசு. இத்தகைய ஒலிமுறைகளுக்குக் காப்புரிமை இருந்தது; ஏ.சி.3இன் காப்புரிமை 2017இல்தான் காலாவதியானது. சேர்த்துத் தரும் நிறுவனம் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் டி.வி.டி. பார்க்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டதும் இந்தக் கணக்கில்தான். இந்தியர்களின் செல்போன்களில் பிரபலமான எம்.எக்ஸ். பிளேயரும் உரிமச் சிக்கலால் டி.டி.எஸ்., ஏ.சி.3 இரண்டையும் கைவிட்டது.

'கோடெக் இல்லை, இங்கே கிளிக் செய்யவும்' என்று கண்ட கண்ட வெப்சைட்டுகள் அழைக்கும்போதுதான் ஆபத்து. 2005 வாக்கில் பரவத் தொடங்கிய ஸ்லாப் என்ற வில்லங்க சாஃப்ட்வேர் வீடியோ கோடெக் வேடத்தில்தான் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது. அந்த வேடம் இன்னும் கலையவில்லை.

நம்பகமான வழி, கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வி.எல்.சி. பிளேயர். 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம். 2001 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். வேடிக்கை என்னவென்றால், 2022இல் பல மாதங்கள் இதன் அதிகாரபூர்வ வெப்சைட் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. நடத்துபவர்களுக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லை. சட்டப்படி அவர்கள் கேள்வி எழுப்பிய பிறகு, நவம்பரில் தடை நீங்கியது. நல்ல கடையைப் பூட்டினால் ஜனங்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வி.எல்.சி.யில் கன்ட்ரோல் விசையுடன் ஜே-யை அழுத்தினால் ஒலி எந்த வகை என்று தெரியும். 'ஏ52' என்றிருந்தால் அது ஏ.சி.3தான். பழைய பிளேயரை விட மனமில்லாதவர்கள் கே-லைட் போன்ற ஒரு கோடெக் தொகுப்பை, அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் எடுத்து நிறுவலாம். ஒன்று போதும். இரண்டு மூன்றை ஏற்றினால் ஒன்றோடொன்று மோதி, ஓடிக்கொண்டிருந்த படமும் நின்றுபோகலாம். இந்தி, தமிழ் என்று இரண்டு ஒலித்தடங்கள் உள்ள படமானால், எதையும் நிறுவும் முன் ஆடியோ மெனுவில் அடுத்த தடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. ஒன்று ஊமையானாலும் மற்றது பேசக்கூடும்.

பென் டிரைவைச் சொருகி டி.வி.யில் பார்ப்பவர்களுக்கு இந்த வைத்தியம் உதவாது. டி.வி.யில் இப்படிக் கோடெக் ஏற்ற வழியில்லை. அவிடெமக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் படத்தை 'காப்பி' என்று விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஏ.ஏ.சி.க்கு மாற்றிக்கொள்ளலாம். படத்தின் தரம் குறையாது, வேலையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.