இறக்கத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும்

வரும் மே மாத விடுமுறையில் மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்க்கா தீவுக்குச் சென்று ஏழு நாள் மிதிவண்டியில் சுற்றிவருவதென நாங்கள் மூவர் முடிவு செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். இருவர் தமிழ்த்துறை, ஒருவர் இயற்பியல். விசாவுக்கான தாள்களைத் திரட்டியதை விட, எந்த நாளில் எந்த மலை என்று வாதிட்டதிலேயே எங்கள் மாலைப் பொழுதுகள் பெரும்பாலும் கழிந்தன. அந்த வாதத்தில் எங்களுக்குத் தோன்றிய ஒன்றை நண்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

மயோர்க்கா சென்று வந்தோர் எழுதியவற்றில் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். அனைவரும் ஏற்றத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். கணவாயின் பெயர், நீளம், சாய்வு, ஏறி முடித்த நிமிடக் கணக்கு, உச்சியில் எடுத்த படம் என்று எதற்கும் குறைவில்லை. இறக்கத்துக்கோ ஒரே வரிதான்: பிறகு இறங்கினோம். அந்த ஒரு வரி எங்களுக்குப் போதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சிரைக்க ஏறி முடித்த எங்கள் இயற்பியல் நண்பர், திரும்பி வருகையில் ஒரு வளைவில் மணலில் சறுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஏறும்போது அவருக்கு இருந்த அச்சத்தில் கால் பங்குகூட இறங்கும்போது இருக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

மயோர்க்காவுக்குச் செல்லும் மிதிவண்டிக்காரர்கள் பலரும் தேடிச் செல்வது சா கலோப்ரா சாலை. தீவின் வடமேற்கில் நீண்டு கிடக்கும் திரமுந்தானா மலைத்தொடரில், 682 மீட்டர் உயரத்திலுள்ள ரெய்ஸ் கணவாயிலிருந்து கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு இறங்கும் சாலை அது. ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டரில் 26 கொண்டை ஊசி வளைவுகள். 1930களின் தொடக்கத்தில் அந்தோனியோ பரியெத்தி என்னும் பொறியாளர், சுரங்கம் எதுவும் குடையாமல், வெட்டிய பாறையையே மேடாக்கி இதை அமைத்தார். ஓரிடத்தில் சாலை வட்டமாகச் சுழன்று தன் அடியிலேயே நுழைந்து செல்கிறது. அதற்குக் கழுத்துப்பட்டை முடிச்சு என்றே பெயர். சரக்கு ஏற்றவோ ஊர்களை இணைக்கவோ போட்ட சாலையன்று. சுற்றுலாப் பயணிகள் கண்டுகளிப்பதற்கென்றே போட்டது.

இதில் நாங்கள் கவனித்தது, அது வேறு வழியில்லாத சாலை என்பதே. மற்ற மலைகளில் ஏறிப் பார்த்து, முடியாவிட்டால் திரும்பிவிடலாம். இங்கே முதலில் இறங்கிவிடுகிறோம். சாலை வழியே வீடு திரும்ப ஏறியே ஆக வேண்டும். ஆகவே ஏறும் வலிமை உண்டா என்னும் கேள்விக்கு முன்னதாகவே, களைப்பின்றி இறங்கும் நிதானம் உண்டா என்னும் கேள்வி வந்து நிற்கிறது.

நண்பர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், கணவாயிலிருந்து கடல் மட்டம் வரை இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் சுமார் ஐந்தரை லட்சம் ஜூலுக்குமேல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். பாதியைக் காற்று வாங்கிக்கொண்டாலும் மீதியை பிரேக்தான் தாங்கியாக வேண்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருபவர், வளைவு வரும்போது அதன் பிடியையும் தம் விரல் பிடியையும் சேர்த்தே இழக்கிறார்.

இத்தோடு முடியவில்லை. நம் ஊர் சைக்கிளில் முன்சக்கர பிரேக் பெரும்பாலும் வலக்கையில் இருக்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது இடக்கையில். சாலையில் செல்வதும் வலப்பக்கம். நாற்பது ஆண்டுப் பழக்கம் விமான நிலையத்தில் இறங்கியதும் மாறிவிடாது. எதிரே பேருந்து வரும் கணத்தில் கை தானாக எதை அழுத்தும் என்பதே எங்கள் கவலை.

எனவே சா கலோப்ராவை முதல் நாளில் வைக்கும் வழக்கத்தை ஏற்கவில்லை. முதல் இரண்டு நாள் தீவின் நடுவிலுள்ள பிளா சமவெளி: கல்மதில்களுக்கு இடையே ஓடும் சிறு சாலைகள், புதன்தோறும் சந்தை கூடும் சினேயு, மிதிவண்டிக்காரர்கள் காப்பிக்குக் கூடும் பெத்ரா சதுக்கம். கை பழகட்டும். மூன்றாம் நாள் ராந்தா மலை. ஏறக்குறைய 540 மீட்டர். இறக்கத்துக்குப் பயிற்சிக் களம் அதுதான். தமிழாசிரியர்கள் இருவரும் அந்த மலைக்காக வாதிட்டதற்கு வேறு காரணமும் உண்டு. ரமோன் யூல் தவமிருந்த மலை அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், தத்துவம் என்றால் இலத்தீன் என்றிருந்த காலத்தில், தம் தாய்மொழியாகிய கத்தலானிலும் தத்துவம் எழுதியவர். (அவர் பெயரை எழுதும்போது ல நான்கு வரும், முதலிரண்டுக்கும் கடையிரண்டுக்கும் ஒரே ஒலிதான், அது ல அன்று. நம் ல, ள, ழ வகுப்பில் இடர்ப்படும் மாணவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லலாம்.) சா கலோப்ரா ஐந்தாம் நாள், பேருந்துகள் வருமுன், காற்றில்லாத காலையில் மட்டும். திரமுந்தானா என்பதே வடகாற்றின் பெயர்தான். அது வீசினால் அன்று யூக் மடாலயத்தோடு திரும்பிவிடுவோம்.

தீவினரையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு கோடையில் பால்மா நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் அளவுமீறிய சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் சென்றனர். வீட்டு வாடகை தங்கள் கைக்கு எட்டாமல் போனது அவர்களது முதன்மைக் குறை. மிதிவண்டியைக் கடக்கும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் நமக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, வேலைக்குச் செல்பவரின் வண்டியை மலைச்சாலையில் அரைமணி நேரம் பின்னால் ஊரவைப்பது முறையன்று.

நிமிடக் கணக்கை விடமாட்டேன் என்று நண்பர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். ஏறும்போது கடிகாரம் ஓடட்டும், இறங்கும்போது பையில் இருக்கட்டும் என்பது எங்கள் நிபந்தனை, ஏற்றுக்கொண்டதாகத் தலையசைத்தார். வாடகை வண்டி தரும் கடைக்கு, முன் பிரேக்கை வலக்கைக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். மறுமொழி வந்தபின்தான் முன்பணம்.