12 பேரை விலைக்கு வாங்காதீர்கள்

கைபேசிச் செயலித் தொழிலுக்கு இன்று பெரிய முதல் தேவையில்லை. கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீமிசலில் உட்கார்ந்தபடியே ஒருவர் தொழில் தொடங்கிவிடலாம். அவர் தடுக்கி விழும் இடம் அடுத்த படியில் இருக்கிறது: சோதனை.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் ஒரு நிபந்தனை விதித்தது. செயலியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன் குறைந்தது 20 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அதன் சோதனைப் பதிப்பில் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் இந்த எண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் கணக்கு வைத்திருப்போருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தனி ஆளுக்கு ஒரு நீதி, நிறுவனத்துக்கு ஒரு நீதியா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் பலர் பிடித்திருக்கும் குறுக்குவழி நியாயமானதல்ல. பணம் கொடுத்தால் 12 பேரைப் பிடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 'என் செயலியை நீ இறக்கிக்கொள், உன்னுடையதை நான் இறக்கிக்கொள்கிறேன்' என்று கைமாற்றிக்கொள்ளும் குழுக்களும் இருக்கின்றன.

இப்படிக் கிடைக்கும் 12 பேர் கூகுளை ஏமாற்றலாம்; வாடிக்கையாளரை ஏமாற்ற முடியாது. வாடகைச் சோதனையாளருக்கு அந்தச் செயலியால் ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. எங்கே சிக்குகிறது, எது புரியவில்லை என்று அவர் சொல்லவும் மாட்டார். காசு கொடுத்து அழைத்துவந்த கூட்டத்தின் கைதட்டலை நம்பித் தேர்தலில் நிற்பது போன்றது இது.

மீமிசல் போன்ற ஊரிலிருந்து தொழில் தொடங்குபவருக்கு இந்தக் குறுக்குவழி இரட்டை நட்டம். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு எளிதில் வாய்க்காத சோதனைக்களம் அவர் வாசலிலேயே இருக்கிறது. மீனவர்களுக்கான ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் கிடைக்காது. ஈரக் கைக்குத் தொடுதிரை சரியாகக் கட்டுப்படாது. உச்சி வெயிலில் திரையில் எழுத்து தெரியாது. இயந்திரச் சத்தத்தில் எச்சரிக்கை ஒலி காதில் விழாது. குளிரூட்டிய அறையில் ஆண்டுக்கணக்கில் சோதித்தாலும் அகப்படாத இந்தக் குறைகள், படகில் ஒரே நாளில் அம்பலமாகிவிடும்.

காலக் கணக்கும் ஊருக்குத்தான் தெரியும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போவது வழக்கம். 14 நாள் சோதனை என்றால் கையில் இருப்பது 6 பயணங்கள் மட்டுமே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்கான செயலியை மே மாதத்தில் சோதித்தால் விதி நிறைவேறும், விஷயம் ஒன்றும் தெரியவராது.

மீனவர்களுக்கான செயலிக்கு முன்னோடி தமிழ்நாட்டிலேயே உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் தொடங்கிய 'மீனவ நண்பன்' திட்டம், முதலில் பழைய பொத்தான் கைபேசிகளில் இயங்கியது. பிறகு ஆண்ட்ராய்டுக்கு மாறியது. அலை, காற்று, மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகிய தகவல்களை அது உள்ளூர் மொழியில் தருகிறது. சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்கிறது. இதே நிறுவனம் அதற்கும் முன்பு, 1990-களின் இறுதியில், புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் அலை நிலவரத்தை ஒலிபெருக்கி மூலம் அறிவித்துவந்தது. மீனவருக்கு எந்தத் தகவல் வேண்டும், எந்த வடிவில் வேண்டும் என்பது கடற்கரையில் பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் போன படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் செய்திகளைப் படித்தவர்களுக்கு, எல்லை எச்சரிக்கை ஒருமுறை தவறினால் என்ன விலை கொடுக்க நேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

நல்ல சோதனைக்கு நம்பிக்கையும் வேண்டும். எந்த இடத்தில் வலை விட்டால் மீன்படும் என்பது ஒவ்வொரு மீனவரின் தொழில் ரகசியம். படகின் இருப்பிடத்தைச் சத்தமில்லாமல் பதிவுசெய்யும் செயலி அந்த ரகசியத்தைத் திருடுகிறது. தனிநபர் தரவுகளுக்கு ஒப்புதல் கேட்கும் கடமையை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. சிறு தொழில்முனைவோர் சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். முகம் பார்த்துப் பழகும் ஊரில் ஒருமுறை போன பெயர் திரும்பாது என்பதற்காகவே செய்யட்டும்.

'மீன் விலையும் ஏலச் செய்தியும்தான் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே, தனிச் செயலி எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கும் விடை தருவது சோதனைதான். 12 உண்மையான பயனாளிகளில் 10 பேர் ஒரு வாரத்தில் செயலியைத் திறப்பதை நிறுத்திவிட்டால், கடன் வாங்கும் முன்பே அந்த யோசனையைக் கைவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். சிறு முதலுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

அரசின் பார்வையும் மாற வேண்டும். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு 'டான்சீட்' திட்டத்தில் தேர்வாகும் நிறுவனங்களுக்கு லட்சக்கணக்கில் ஆதார நிதி தருகிறது. அதன் ஒரு பகுதியைக் களச் சோதனைக்கென்றே ஒதுக்கலாம். சோதனைக்கு நேரம் செலவிடும் மீனவருக்கும் இறால் பண்ணைத் தொழிலாளிக்கும் அந்த நிதியிலிருந்து கூலி தரலாம். இது வாடகைச் சோதனையாளருக்குப் போகும் பணத்தைப் போன்றதல்ல. அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகிறவரின் நேரத்துக்கான விலை. மீன்வளத் துறை தன் கடற்கரை அலுவலகங்கள் வழியாகச் செயலி செய்பவர்களையும் படகுக்காரர்களையும் சந்திக்க வைக்கலாம். அரசுத் துறைகள் வெளியிடும் செயலிகளுக்கும் இதே விதி பொருந்தட்டும். தலைமைச் செயலகத்தில் தொடக்க விழா நடத்தும் முன் ஒரு மீன்பிடி ஊரில் 14 நாள் புழங்கவிட்டால், பிறகு தேடுவாரற்றுக் கிடக்கும் செயலிகளின் எண்ணிக்கை குறையும்.

கூகுள் தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டும் என்று கேட்போம். அதுவரை விதி விதிதான். 12 பேர் தேவை என்றால் மீமிசல் கடைத்தெருவில் இறங்கி நடந்தாலே கிடைப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். அந்தக் குறைகளைக் கேட்டுத் திருத்துகிறவருக்கே தொழில் நிலைக்கும்.