தண்டனைக் கட்டத்தில் மனசாட்சியின் இடம்

2024 ஜூலையில் லண்டனின் சதர்க் கிரவுன் நீதிமன்றம் ஐந்து பேருக்கு விதித்த தண்டனையைக் குற்றவியல் வழக்கறிஞர் எவரும் வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையின் குறுக்கே, அறிவிப்புப் பலகைகளைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டங்களில் ஆட்களை ஏற்றிப் போக்குவரத்தை முடக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஜர் ஹாலமுக்கு ஐந்து ஆண்டு சிறை, மற்ற நால்வருக்குத் தலா நான்கு ஆண்டு. ஆள் திரட்டுவதற்காக நடந்த ஒரு ஜூம் கூட்டத்தில் செய்தியாளர் ஒருவர் அடையாளம் மறைத்துக் கலந்துகொண்டு எடுத்த பதிவு வழக்கின் முக்கியமான சான்று. வன்முறையற்ற போராட்டம் ஒன்றுக்காக இவ்வளவு நீண்ட தண்டனை அந்த நாட்டில் அண்மைக் காலத்தில் வழங்கப்பட்டதில்லை. தண்டனை சரியா தவறா என்ற வாதம் அன்றே தொடங்கி, மேல்முறையீட்டுக்குப் பின்னும் ஓயவில்லை.

நடந்த தீங்கைக் குறைத்துச் சொல்லி இந்த வாதத்தை நடத்துவது நேர்மையாகாது. 2022 நவம்பரில் நான்கு நாள்களில் 45 பேர் அந்தச் சட்டங்களில் ஏறினார்கள். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் பாதிக்கப்பட்டன என்றும், பொருளாதார இழப்பு குறைந்தது 7,65,000 பவுண்டு என்றும், காவல்துறைக்கு மட்டும் 11 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானது என்றும் அரசுத் தரப்பு கணக்குக் காட்டியது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான சந்திப்பைத் தவறவிட்டவர், இறுதிச் சடங்குக்குப் போய்ச் சேர முடியாதவர்கள் ஆகியோரின் பாதிப்பும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இவர்கள் எவரும் எண்ணெய் நிறுவனம் நடத்துகிறவர்கள் அல்லர். ஆகவே இது குற்றமா என்ற கேள்வியை இங்கே எழுப்பவில்லை. குற்றம் நிரூபணமான பிறகு, செய்தவரின் மனசாட்சி தண்டனையின் அளவைத் தொடலாமா, தொடலாம் என்றால் எவ்வளவு தூரம் என்பதே நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம். விசாரணையின்போது மனசாட்சிக்கு இடமில்லை என்று ஒரு சட்ட அமைப்பு தீர்மானித்துவிட்டால், தண்டனைக் கட்டத்தில் அதற்கு முழு எடை கொடுக்கும் கடமை அந்த அமைப்புக்குக் கூடுகிறது என்பது எங்கள் நிலைப்பாடு.

இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த இடம் புதிதாகத் தேடப்பட வேண்டியதில்லை. 2006ல் ஜோன்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபையின் நீதிபதியாக இருந்த ஹாஃப்மன் பிரபு, மனசாட்சியின் பேரில் சட்டத்தை மீறுவதற்கு அந்நாட்டில் நீண்ட, மதிப்புக்குரிய வரலாறு உண்டு என்று பதிவு செய்தார். அவர் விவரித்தது இரு தரப்பும் கடைப்பிடிக்கும் ஓர் ஒழுங்கு. போராடுகிறவர் அளவோடு நடந்துகொள்வார், மிகையான சேதம் விளைவிக்க மாட்டார், சட்டம் விதிக்கும் தண்டனையை ஏற்பார். காவல்துறையும் நீதிமன்றமும் நிதானம் காட்டி, அவருடைய நோக்கத்தைத் தண்டனையின்போது கருத்தில் கொள்ளும். 2018ல் இந்த ஒழுங்கு சோதனைக்கு வந்தது. லங்காஷரில் நிலவாயு எடுக்கும் தளத்துக்குச் சென்ற லாரிகளின் மேல் ஏறி, சிலர் நாள் கணக்கில் இறங்காமல் இருந்தார்கள். மூவருக்கு 15 மாதமும் 16 மாதமும் சிறை விதித்தது பிரெஸ்டன் நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மிகையானது என்று கூறி ரத்து செய்தது. சமூகப் பணியை உள்ளடக்கிய தண்டனையே பொருத்தமானது, ஆனால் ஏற்கெனவே சில வாரம் சிறையில் இருந்துவிட்டார்கள் என்ற கணக்கில் நிபந்தனையோடு விடுவித்தது. அந்த அளவுகோல் ஆறே ஆண்டில் ஐந்து ஆண்டுச் சிறையாக மாறிய விதத்தைப் புரிந்துகொள்ள, இடையில் சட்டப் புத்தகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் காவல், குற்றம், தண்டனை மற்றும் நீதிமன்றங்கள் சட்டம், அதுவரை வழக்காற்றுச் சட்டத்தில் இருந்த பொதுத் தொல்லைக் குற்றத்தை 78ஆம் பிரிவாக எழுதி, உச்சத் தண்டனையைப் பத்து ஆண்டு என்று வைத்தது. பழைய குற்றத்துக்கு உச்ச வரம்பே இல்லாததால் இது உண்மையில் தளர்வுதான் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். ஏட்டளவில் அது சரி. ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வரம்பும், நாடாளுமன்றம் போராட்டங்களை மனத்தில் வைத்து அண்மையில் எழுதிய ஒரு வரம்பும் நீதிபதியின் கையில் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. பின்னது, இந்தக் குற்றம் இவ்வளவு கொடியது என்று நாடாளுமன்றமே சொல்லிவிட்ட செய்தியாகப் படிக்கப்படுகிறது. அந்தச் செய்தியின் விபரீதத்தை 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தோடு ஒப்பிட்டால் காணலாம். பலர் கூடி வன்முறையில் இறங்கும் குற்றத்துக்கு அங்கே உச்சம் ஐந்து ஆண்டு, கைகலப்புக்கு மூன்று ஆண்டு, கலகத்துக்கு மட்டுமே பத்து ஆண்டு. ஆக, யாரையும் தொடாமல் சாலையை மறிப்பவர் நிற்கும் படி, கல்லெறிகிற கும்பலைத் தாண்டி, கலகக்காரரோடு ஒன்றாகிவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் புகலிடம் தேடியோர் தங்கியிருந்த விடுதிகளைத் தாக்கிய கும்பல்களில் வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளே கிடைத்தன. கலகக்காரர்களுக்குக் கூடுதலாகத் தந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தண்டனை ஏணியின் படிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதற்கு அது கண்கூடான சான்று.

இதே காலத்தில் விசாரணை அறையின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2021ல் ஜீக்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாலை மறியலில் போராட்ட உரிமையையும் இடையூறையும் சீர்தூக்கிப் பார்க்க இடம் தந்தது. அடுத்த ஆண்டே, பிரிஸ்டலில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலை வீழ்த்தப்பட்டதையொட்டி அரசுத் தலைமை வழக்கறிஞர் கேட்ட சட்டக் கேள்வியில், கணிசமான சொத்துச் சேதத்துக்கு அந்தச் சீர்தூக்கல் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வரம்பு கட்டியது. 2024 மார்ச்சில், சொத்தின் உரிமையாளர் உண்மை தெரிந்திருந்தால் சம்மதித்திருப்பார் என்ற எதிர்வாதத்தில் அரசியல் நம்பிக்கைகளுக்கு இடமில்லை என்றது. கீழ் நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் கடுமை. லண்டனில் ஒரு நீதிபதியின் தடையை மீறி ஜூரி நடுவர்களிடம் காலநிலை மாற்றம் பற்றிப் பேசியதற்காகப் போராட்டக்காரர்கள் நீதிமன்ற அவமதிப்பில் சிறைக்குப் போனார்கள். எம்25 வழக்கிலும் தக்க காரணம் என்ற எதிர்வாதத்தை நடுவர்களின் பார்வைக்கே அனுப்ப நீதிபதி மறுத்துவிட்டார். இந்தத் தீர்ப்புகள் ஒவ்வொன்றுக்கும் சட்டக் காரணம் உண்டு. குற்றம் நடந்ததா என்பதை முடிவு செய்யக் கூடியவர்களிடம் எரிசக்திக் கொள்கையைத் தீர்மானிக்கச் சொல்ல முடியாது என்பதை மறுப்பது கடினம். ஆனால் அந்த வாதத்தை ஏற்றால், அடுத்த அடியையும் ஏற்றாக வேண்டும். நோக்கம் குற்றத் தீர்மானத்துக்குப் பொருந்தாது என்று சொல்லும் அதே சட்டம், நோக்கம் தண்டனைக்குப் பொருந்தும் என்றுதான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. இன வெறுப்பால் செய்த குற்றத்துக்கு அங்கே தண்டனை கூடுகிறது. பேராசையால் செய்தால் கூடுகிறது. நோக்கம் கெட்டதாக இருந்தால் மட்டும் தராசில் ஏறும், நல்லதாக இருந்தால் ஏறாது என்பதை எந்த நீதிக் கொள்கையும் தாங்காது.

2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஓரளவு ஏற்றது. தலைமை நீதிபதி கார் தலைமையிலான அமர்வு 16 பேரின் மேல்முறையீட்டைச் சேர்த்து விசாரித்து, ஆறு பேரின் தண்டனையைக் குறைத்தது. ஹாலமின் ஐந்து ஆண்டு நான்கானது. மற்ற நால்வரில் இருவருக்கு மூன்று ஆண்டு, இருவருக்கு இரண்டரை ஆண்டு. கடுமையான குற்றத்திலும் மனசாட்சி சார்ந்த நோக்கம் குற்றப்பொறுப்பைக் குறைக்கும் காரணியாகலாம் என்ற கொள்கை பிழைத்தது. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் குறைத்த அளவைப் பாருங்கள். கொள்கையை ஏற்றபின்னும் எஞ்சியிருக்கும் நான்கு ஆண்டு, பிரெஸ்டன் வழக்கில் மிகை என்று தள்ளப்பட்ட 16 மாதத்தைப் போல மூன்று மடங்கு. நேஷனல் கேலரியில் வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் கண்ணாடி மீது சூப்பை வீசிய இருவருக்குத் தரப்பட்ட 24 மாதமும் 20 மாதமும் அப்படியே நின்றன. ஓவியத்துக்குச் சேதமில்லை, சட்டகத்துக்கு மட்டுமே சேதம். மனசாட்சிக்குத் தராசில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு, எதிர்த் தட்டில் அச்சுறுத்தித் தடுக்கும் நோக்கத்தை வரம்பின்றி ஏற்றினால், முன்னது வெறும் சொல்லாகிவிடும்.

அச்சுறுத்தித் தடுப்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் உண்மையான உந்துவிசை என்பதால், அதற்கான வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். மனசாட்சியால் உந்தப்பட்டவர் வருந்துவதில்லை, மறுபடியும் செய்வேன் என்கிறார், பிணையில் இருக்கும்போதே செய்கிறார். இவரைத் தடுக்க வேறு என்ன வழி? ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் 2025 மார்ச்சில் நேரடிப் போராட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்ததையும் தண்டனையின் வெற்றியாகச் சிலர் காட்டுகிறார்கள். ஆனால் புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்கள் கூடாது என்ற முதல் கோரிக்கை அரசுக் கொள்கையாகிவிட்டதையே அந்த இயக்கம் காரணமாகச் சொன்னது. இரண்டில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. ஆய்வு சொல்வது வேறு. டேனியல் நேகின் போன்ற குற்றவியல் ஆய்வாளர்கள் பல்லாண்டுச் சான்றுகளைத் தொகுத்துக் காட்டியிருப்பது, பிடிபடுவது உறுதி என்ற எண்ணம் தடுக்கும் அளவுக்குத் தண்டனையின் நீளம் தடுப்பதில்லை என்பதையே. ஒளியாமல் குற்றம் செய்து, காவலர் வரும்வரை அங்கேயே காத்திருப்பவரிடம் இந்தக் கணக்கு இன்னும் பலவீனப்படுகிறது. 2025 ஜூலையில் பாலஸ்டைன் ஆக்‌ஷன் அமைப்பு தடைசெய்யப்பட்டபின், அதை ஆதரிக்கும் அட்டையைப் பிடித்தபடி நாடாளுமன்றச் சதுக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஆகஸ்ட் 9 அன்று ஒரே நாளில் 500க்கு மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் கணிசமானோர் அறுபதைத் தாண்டியவர்கள். எம்25 தண்டனைகளைப் பற்றி அறியாதவர்களா அவர்கள்? இன்னும் பின்னால் போனால், 1932ல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நிலவுடைமையாளர்களின் தடையை மீறி நடந்தவர்களில் ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை கிடைத்தது. அந்தத் தண்டனையே அவர்கள் பக்கம் ஆதரவைத் திரட்டியது. 1951ல் அந்தப் பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. காலநிலைப் போராளிக்குக் காட்டும் பரிவை, குடியேற்றத்தை எதிர்த்துச் சாலை மறிப்பவருக்கும் காட்டுவீர்களா? காட்ட வேண்டும் என்பதே எங்கள் பதில். காட்டாத நீதிமன்றம் கட்சி சேர்ந்துவிட்டது என்று பொருள். கோரிக்கையின் தகுதியை நீதிபதி எடைபோடக் கூடாது. அவர் பார்க்க வேண்டியவை கோரிக்கைக்கு வெளியே இருக்கின்றன. வன்முறை இருந்ததா, முகத்தை மறைத்தாரா, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டாரா, தம் செயலுக்குப் பொறுப்பேற்றாரா, தனிப்பட்ட ஆதாயம் ஏதும் உண்டா, உண்மையில் விளைந்த தீங்கு எவ்வளவு, இவையெல்லாம் எந்தக் கொடியைப் பிடித்தவருக்கும் ஒரேபோலப் பொருத்திப் பார்க்கக் கூடியவை. எம்25 வழக்கிலும் இந்தக் கேள்விகளுக்குச் சில பதில்கள் குற்றவாளிகளுக்கு எதிராகவே வரும். நான்கு நாள் திட்டமிட்டு ஒரு நாட்டின் முக்கியமான சாலையை முடக்குவது, ஹாஃப்மன் பிரபு சொன்ன அளவோடு நடந்துகொள்ளும் ஒழுங்குக்கு உட்பட்டது என்று வாதாடுவது எளிதன்று. அதனால் அங்கே சிறைத் தண்டனையே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. மாதங்களில் அளந்திருக்க வேண்டியதை ஆண்டுகளில் அளந்துவிட்டார்கள் என்கிறோம். இந்த அளவுத் தவறு அதே தொடர் போராட்டத்தில் 20 மாதம் தண்டிக்கப்பட்ட 77 வயதுப் பெண்ணின் வழக்கில் கொடுமையின் எல்லைக்கே போனது. மின்னணுக் கண்காணிப்புப் பட்டை அணிய வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவர், பட்டை அவருடைய மணிக்கட்டுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக 2024 டிசம்பரில் மறுபடியும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். சிறைகளில் இடமில்லாமல், தண்டனையில் 40 விழுக்காடு முடிந்தவுடனேயே கைதிகளை அரசு விடுவித்துக்கொண்டிருந்த காலம் அது.

நம் வழக்கறிஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பொதுத் தொல்லை என்ற குற்றமே ஆங்கில வழக்காற்றுச் சட்டத்திலிருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268ஆம் பிரிவாக நமக்கு வந்தது. ஆனால் நம் சட்டம் அதற்கு வைத்த விலை 200 ரூபாய் அபராதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் அது 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாலை மறியலில் கைதாகிறவர்களைத் திருமண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவிக்கும் தமிழ்நாட்டு வழக்கமும், 2018ல் ஜீவானந்தம் வழக்கில் அமைதியாகக் கூடியவர்கள் மீதான முதல் தகவல் அறிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் ஹாஃப்மன் சொன்ன ஒழுங்கின் நம் ஊர் வடிவங்கள். நம்மிடம் கடுமை வேறு கட்டத்தில் வருகிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவு பிணையை அடைத்துவிடுவதால், 2020 டெல்லிக் கலவரச் சதி வழக்கில் கைதானவர்களில் சிலர், ஹாலமுக்குத் தீர்ப்புக்குப் பின் விதிக்கப்பட்ட ஐந்து ஆண்டைத் தீர்ப்புக்கு முன்பே, விசாரணை முடியாமலேயே சிறையில் கழித்துவிட்டார்கள். தண்டனைக் கட்டம் வரை வழக்கு வந்து சேராதபோது, அந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லும் பயிற்சியும் நம்மிடம் வளரவில்லை.

வழக்கு அங்கே வந்து சேரும்போதும் நாம் அதை வீணடிக்கிறோம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258(2) பிரிவின்படி தண்டனை பற்றிக் குற்றவாளியைக் கேட்பது பல அமர்வு நீதிமன்றங்களில் சில நிமிடச் சடங்காக நடக்கிறது. வயதான பெற்றோர், குடும்பத்தில் ஒரே வருமானம், முதல் குற்றம் என்ற வழக்கமான மூன்று வரிகளோடு முடிந்தும் விடுகிறது. போராட்ட வழக்கில் அந்த நிமிடங்களுக்கென்று தனியாக ஆவணம் தயாரிக்கலாம். காவல்துறைக்கு முன்கூட்டியே கொடுத்த கடிதம், ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டதைக் காட்டும் காணொளி, கைதுக்கு ஒத்துழைத்ததற்கான சாட்சியம், மனு கொடுத்தும் பதில் வராத முந்தைய முயற்சிகள், உண்மையான இழப்பு எவ்வளவு என்பதற்கான மதிப்பீடு ஆகியவற்றை எழுத்துபூர்வமாகத் தாக்கல் செய்து, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் பிணைமுறியோடு விடுவிக்கும்படி கேட்கலாம். மறுக்கும் நீதிமன்றம் அதற்குக் காரணம் எழுத வேண்டியிருக்கும், அந்தக் காரணம் மேல்முறையீட்டில் வாதத்துக்கு உரியதாகும்.