இருப்பிடமும் ஓர் அமானிதமே!

ஒரே வயிற்றில் பிறந்த இரு பெண்மக்களைப் பாருங்கள். மூத்தவள் தான் செல்லுமிடத்தையெல்லாம் கைபேசி வழியே சிரித்தபடி அனைவருக்கும் காட்டுகிறாள். இளையவளோ, வாப்பா கேட்டாலும் தயங்குகிறாள். “மறைக்க எதுவுமில்லையென்றால் அச்சம் எதற்கு?” என்று அவர் கடிந்துகொள்கிறார். அத்தயக்கம் குற்றத்தின் அடையாளந்தானா?

அன்று, அது இயல்பின் அடையாளமாக இருக்கலாம். இருப்பிடம் அறியும் கைபேசிச் சேவைகள் குறித்து, ஐரோப்பிய ஆய்விதழொன்றில் 2008இல் வெளியான ஆய்வு, மனிதரின் ஐவகைக் குணங்களை எடுத்துக்கொண்டது. எவரோடும் இணங்கிப்போகும் சுபாவத்தினர் அந்தரங்கம் பற்றிக் குறைவாகவே கவலையுறுகின்றனர். பொறுப்புணர்வு மிக்கோரும் புதியன அறிய நாடுவோரும் கூடுதலாகக் கவலையுறுகின்றனர் என்று அது கண்டது. ஆக, தயங்குவோரெல்லாம் கள்ளமுடையோர் அல்லர்.

அவர்தம் கவலை வீணானதுமன்று. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ செயலியைக் கோடிக்கணக்கானோர் நம்பி ஏற்றனர். அவர்களுடைய இருப்பிட விவரங்கள் எக்ஸ்-மோட் என்னும் நிறுவனத்துக்குச் சென்றன என்றும், அந்நிறுவனம் இத்தகு விவரங்களை அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது என்றும் 2020 நவம்பரில் செய்தி வெளியாயிற்று. செயலியினர் அத்தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தனர். கிப்லாவைத் தேடியோர், தம் இருப்பிடம் விலைபோவதை அறிந்தாரில்லை!

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று ஸலாம் உரைக்காமல் நுழையலாகாது என்பது திருமறையின் அந்நூர் அத்தியாயம், 27ஆம் வசனத்தின் கட்டளை. பிறரைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம், 12ஆம் வசனம் தடுக்கிறது. இவ்வொழுக்கம் ஆளுக்கொரு விதமாக வகுக்கப்பட்டதன்று. கதவை விரியத் திறந்து வைத்திருப்பவரிடமும் அனுமதி கேட்டே ஆகவேண்டும். கைபேசியும் ஒரு வாசலன்றோ?

சிறு பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிப்பது பெற்றோர் கடமை, மறுப்பாரில்லை. ஆனால் வளர்ந்த மக்களையும் மனைவியையும் அவர்கள் அறியாமல் கண்காணிப்பது கடமையாகாது. கேளுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், இசைந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். செயலி ஏதேனும் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டால், எதற்கென்று எண்ணிப் பாருங்கள். தேவையெனில், பயன்படுத்தும் வேளைக்கு மட்டும் அனுமதியுங்கள்.

உமக்கு அச்சமில்லை என்பதால் பிறர் அச்சத்தை எள்ளாதீர். அவரவர் மனத்தை மதிப்பதும் அமானிதத்தைப் பேணுவதேயாகும்.