ஷட்டரின் நோயும் அதன் குறியும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில், அலுமாரியின் மேற்றட்டிலே தோலுறையுடன் ஒரு கமரா உறங்குவதை இன்றும் காணலாம். உத்தியோக காலத்தில் பாட்டனார் கொழும்பிலோ மலாயாவிலோ வாங்கியதாக இருக்கும். பேரன் அதை எடுத்து விசையை அழுத்துகிறான். ஒலி எழுவதில்லை, எழுந்தாலும் படம் சரியாக விழுவதில்லை. உடனே, “ஷட்டர் போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அதன்பின் அக்கருவிக்கு இரண்டே கதிகள்: ஒன்று, வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டி, மற்றது, தையல் இயந்திர எண்ணெயும் சிறு திருப்புளியும் ஏந்திய ஆர்வலர் ஒருவரின் மேசை. இவ்விரண்டையும் நான் மறுக்கிறேன். குறி கேளாமல் மருந்து கொடுப்பது மனித உடலுக்கு எவ்வளவு தீங்கோ, இயந்திரத்துக்கும் அவ்வளவு தீங்கு என்பதே என் கட்சி.

நோய் பார்க்குமுன் ஆற்றவேண்டிய கடமை ஒன்று உண்டு. படச்சுருளைத் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறியின் திசையில் மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும். கைக்குத் தடை தென்பட்டால் உள்ளே சுருள் இருக்கிறதென்று கொள்க. பின்மூடியைத் திறக்கலாகாது, சோதனைக்காக விசையை அழுத்தவும் கூடாது. சுருளை இருளறையில் எடுத்து, பழஞ்சுருள் கழுவத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் மறைந்துள்ள பிம்பம் பல பதிற்றாண்டுகள் கழிந்தும் மங்கலாகவேனும் எழுவதுண்டு. 1981 இல் நம் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கைக்குக் கிடைத்ததோடு ஊரை விட்டு வெளியேறினர். அல்பம் இழந்த குடும்பங்கள் நிறைந்த மண்ணில், ஒரு சுருளின் விலை என்னவென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி ஷட்டரின் இயல்பை நோக்குவோம். லைக்கா கமரா 1925 இல் சந்தைக்கு வந்தது. 1932 இல் வந்த அதன் இரண்டாம் மாதிரியிலே தூரமானி வில்லையுடன் இணைக்கப்பட்டது. அவ்வழி வந்த கமராக்களில் இறப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு உள்ளன. முதற்றிரை ஓடி ஒளிக்கு வழிவிடுகிறது. இரண்டாவது பின்தொடர்ந்து மூடுகிறது. வேகம் கூடும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள பிளவு ஒடுங்குகிறது. மெதுவான வேகங்களில் இரண்டாந் திரையைத் தாமதப்படுத்துவது ஒரு சிறு பற்சக்கரத் தொகுதி. இவ்வளவையும் மனத்திற் கொண்டால், படத்தில் தோன்றும் குறியே நோயின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும்.

1/500, 1/1000 ஆகிய வேகங்களில் மட்டும் படத்தின் ஒரு பக்கம் இருண்டால், இரண்டாந் திரை முதற்றிரையை எட்டிப் பிடிக்கிறது என்பது பொருள். உலர்ந்த எண்ணெயோ, சுருள்வில்லின் சமமற்ற இழுவையோ காரணமாகலாம். ஒரு விநாடி வேகத்தில் ஒலி இடையிலே நின்றுவிட்டால், குறை பற்சக்கரங்களிற் படிந்த பிசினில் உள்ளது. படத்தில் வெண்புள்ளிகள் தோன்றினால் திரையில் துளை விழுந்திருக்கிறது. வில்லையைக் கழற்றி, இருட்டறையிலே சிறு விளக்கைக் காட்டினால் அது தெரியும். ஒளிக்கசிவு படச்சட்டத்தைக் கடந்து சுருளின் ஓரத் துளைகள் வரை பரவியிருந்தால், குற்றம் பெரும்பாலும் பின்மூடியினுடையது. ஷட்டர் மீது பழி சுமத்துவது அநியாயம்.

நோயல்லாததை நோயென்று கொள்வதும் உண்டு. சோர்க்கி போன்ற சோவியத் கமராக்களில் சுருளை முன்னேற்றிய பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும். இம்முறை அறியாதார் நல்ல கருவியையும் பழுதாக்குவர்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்வேன். பின்மூடியைத் திறந்து, வெண்சுவரை நோக்கி ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திப் பாருங்கள். பின்னர் ஒரு சுருளை இட்டு அதே சுவரைப் படம் பிடியுங்கள். வேகத்தை ஒரு படி குறைக்குந்தோறும் வில்லையின் துவாரத்தையும் ஒரு படி சுருக்குங்கள்: 1/500 க்கு 2.8, 1/250 க்கு 4, 1/125 க்கு 5.6. எல்லாச் சட்டங்களும் ஒரே அடர்த்தியில் வரவேண்டும். வராத சட்டம் எதுவோ, அதன் வேகத்திலே குறை.

நம் நாட்டின் வெயிலும் காற்றும் இந்நோய்களுக்குத் துணை நிற்கின்றன. இவ்வகைக் கமராவில் வில்லைக்கும் திரைக்குமிடையே கண்ணாடித் தடுப்பு இல்லை. மூடியிடாத வில்லை நண்பகற் சூரியனை நோக்கிக் கிடந்தால், குவிந்த ஒளி துணித் திரையைச் சுட்டுவிடும். கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டின் உப்புக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரமும் சேர, தோலுறையே பூஞ்சணத்தின் வீடாகிறது. காத்தற்கென்று செய்த உறை கேடு செய்கிறது. கமராவை உறையிலிருந்து நீக்கி, உலர்ந்த இடத்தில் வைத்தலே நன்று.

எல்லாம் கைபேசியிலே முடியும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பார் உளர். கைபேசியின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயின், 1990 களின் பொருளாதாரத் தடையில் பற்றரிக்குத் தவித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். சுருள்வில்லின் விசையொன்றையே நம்பி இயங்கும் கருவியின் அருமை நமக்கு விளங்காதா? 1966 இல் வந்த யஷிக்கா எலெக்ட்ரோ 35 பற்றரி இல்லையேல் ஒரே வேகத்தில் மட்டும் இயங்கும். பொறிமுறை ஷட்டரோ தன் எல்லா வேகங்களையும் தன் வில்லிலேயே வைத்திருக்கிறது. அதன் குறையைக் கண்ணாற் கண்டு, செவியாற் கேட்டு அறியலாம்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுருள்வில், சடத்துவம், ஒளி ஆகியவற்றைக் கரும்பலகையிற் கற்பிக்கும் நீங்கள், பழுதான கமரா ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்து, குறியிலிருந்து காரணத்தை உய்த்தறியுமாறு மாணவரை ஏவுங்கள். கண்டதைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். மனித உடலின் நோய்களைத் தமிழில் எழுதிவைத்த ஊருக்கு ஒரு சிறு பெட்டியின் நோய்களை எழுதுவது அரிதன்று. பழுது பார்க்கும் முதியவர்கள் அருகி வருகின்றனர். அவர்களின் கைப்பழக்கம் எழுத்தில் ஏறாவிட்டால், அலுமாரியிற் கிடக்கும் கமராக்கள் அழகுப் பொருள்களாகவே எஞ்சும். அவற்றினுள் இன்னும் கழுவப்படாத சுருள்கள் இருப்பின், அவையும் அழியும்.